பந்து பிடிக்கத் தெரியாத ஓட்டக்காரன்

பதினேழு வயதுவரை எனக்கு ஓட மட்டும்தான் தெரியும். ஒஸ்லோவின் ஃபுருசெத்தில் எங்கள் தொடர்மாடி வீட்டிலிருந்து தே-பானெ என்கிற நகர ரயில் நிலையத்துக்கு நடக்க ஏழு நிமிடம் பிடிக்கும். ரயில் முந்தைய நிலையத்தை விட்டுக் கிளம்பிவிட்டது என்று கைபேசியில் பார்த்த பிறகுதான் நான் சப்பாத்தைக் கட்டத் தொடங்குவேன். ஒரு நாளும் ரயிலைத் தவறவிட்டதில்லை.

தடகளக் கழகத்தில் நூறு மீற்றர் ஓடினேன். ஒஸ்லோவுக்குள் என்னை முந்துவதற்கு ஒருவரோ இருவரோதான் இருந்தார்கள். நாடு முழுவதற்குமான போட்டி என்று போனால் எப்போதும் நாலைந்து பேர் எனக்கு முன்னால் ஓடி முடித்திருப்பார்கள். இரண்டு வருடம் பாடுபட்டும் அந்த நாலைந்து பேர் நாலைந்து பேராகவே இருந்தார்கள். இதற்கு மேல் இந்தக் கால்களில் எதுவும் இல்லை என்று எனக்குள்ளே தெரியத் தொடங்கியிருந்தது. வீட்டில் சொல்லவில்லை.

எங்கள் மேல்நிலைப் பள்ளியில் தச்சு வேலை படித்துக்கொண்டிருந்த என் வயதுக்காரன் ஒருவன் ஒரு நாள் உணவுக்கூடத்தில் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். முன்பின் பேசியதில்லை. நான் பள்ளி முற்றத்தைக் கடந்து பஸ்ஸுக்கு ஓடுவதை ஜன்னலால் பார்த்தானாம். தான் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுவதாகவும், குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிபவன் தான்தான் என்றும், தான் எறிகிற தூரத்துக்கு ஓடிப்போக அணியில் ஆளில்லை என்றும் சொன்னான். நோர்வேயில் அப்படியொரு விளையாட்டு நடப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனேன். தலைக்கவசமும் தோளுக்குத் தட்டுகளும் தந்தார்கள். என்னுடைய இடத்துக்கு வைட் ரிசீவர் என்று பெயர். மைதானத்தின் ஓரக்கோட்டுக்குப் பக்கத்தில் தனியாக நிற்க வேண்டும். பந்து ஆட்டத்துக்கு வந்ததும் முன்கூட்டியே பேசி வைத்த பாதையில் ஓடி, எறிகிற பந்தைப் பிடிக்க வேண்டும். முதல் முறையே என்னைக் காவல் காத்தவனை விட்டுப் பத்தடி விலகி ஓடிவிட்டேன். பயிற்சியாளர் விசில் ஊதவும் மறந்து நின்றார். தச்சன் எறிந்த பந்து வளைந்து வந்து என் தலைக்கவசத்தில் பட்டு எகிறிப் போனது.

அன்று மட்டுமல்ல, அந்த வசந்தம் முழுக்க அப்படித்தான். பந்து என் கையில் படும், ஆனால் நிற்காது. முதல் போட்டிக்கு அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். இரண்டாம் பாதியில் நான் எல்லாரையும் கடந்து தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தேன். முன்னால் வெறும் புல். தச்சன் எறிந்த பந்து அளந்து வைத்தது போல என் கைகளுக்குள் வந்து, விரல்களுக்கிடையே நழுவித் தரையில் உருண்டது. அந்தப் புள்ளிகள் இல்லாமல்தான் அன்று தோற்றோம்.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். அப்பா ஒஸ்லோவில் பஸ் ஓட்டுநர். வீட்டுக் காரை ஓட்டும்போதும் பின்னால் அறுபது பேர் இருப்பது போலத்தான் ஓட்டுவார். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது முன்னிருக்கையிலிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

“பந்து கைக்கு வாறதுக்கு முன்னமே நீ ஓடத் தொடங்கிறாய். கண் பந்திலை இல்லை, முன்னுக்கு எங்கையோ நிக்குது.”

அம்மாவுக்கு அந்த விளையாட்டின் ஒரு விதிகூடத் தெரியாது. எதற்கு எத்தனை புள்ளி என்று தெரியாது. ஆனால் மன்னாரில் பள்ளிக்கூடத்து வலைப்பந்து அணியில் நடுவில் நின்று ஆடியவர். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவர் பந்தோடு ஓட முடியாது, பிடித்த இடத்திலேயே நின்று எறிய வேண்டும். அதனால் முதலில் பிடிப்பு, மற்றதெல்லாம் பிறகு. இதை அம்மா எனக்கு விளக்கிச் சொன்னது அந்தக் காரில்தான். அதுவரைக்கும் அம்மா விளையாடியவர் என்பதே எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அடுத்த நாளே தொடங்கிவிட்டோம். அம்மா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தார். மூன்று மணிக்கு வேலை முடியும். நான்கு மணிக்கு இரண்டு தொடர்மாடிகளுக்கும் இடையிலுள்ள புல்தரையில் நிற்போம். குவாட்டர்பேக் எறிகிற மாதிரி பந்தைச் சுழற்றி எறிய அம்மாவுக்கு வராது. நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிவிடுவார். முட்டை வடிவப் பந்து ஆடி அசைந்து, எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் வரும். அதுதான் எனக்கு நல்லதாகப் போயிற்று. அதைப் பிடிக்கப் பழகினவனுக்குத் தச்சன் எறிகிற நேர்த்தியான பந்து தூக்கிக் கொடுத்தது போல இருந்தது. ஒவ்வொரு இருபது பிடிப்புக்கும் அம்மா ஒரு எட்டு முன்னால் வருவார். கடைசியில் ஒரு மேசை தூரத்தில் நின்று முகத்தை நோக்கி எறிவார். தவறவிட்டால் முதலிலிருந்து.

அப்பா ஸ்ட்ரோம்மன் அங்காடிக்குக் கூட்டிப்போய் அம்மாவுக்கு ஒரு சோடி விளையாட்டுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். அம்மா அதை வேலைக்கும் போட்டுக்கொண்டு போனார்.

பனி விழத் தொடங்கியதும் எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்ப் பாதைக்குள் போனோம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய களஞ்சிய அறைகள், நடுவில் ஒடுங்கிய வழி. பந்து கதவுகளில் பட்டு இடித்த சத்தம் மேலே கேட்டிருக்க வேண்டும். இரண்டாம் வாரம் அங்கே பந்து விளையாடக் கூடாது என்று ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. அப்பா அதைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு குடியிருப்புச் சங்கத் தலைவியிடம் போனார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. அடுத்த நாள் வேறொரு கடதாசி தொங்கியது. வேலை நாட்களில் நான்கிலிருந்து ஐந்து மணிவரை இந்தப் பாதையில் பயிற்சி நடைபெறும் என்று எழுதிச் சங்க முத்திரையும் குத்தியிருந்தார்கள். சில நாட்களில் அந்தத் தலைவியே கோப்பியோடு படியில் வந்து உட்கார்ந்து, நான் பிடித்ததை எண்ணுவார்.

வசந்தத்தில் மைதானத்துக்குத் திரும்பியபோது தச்சன் எறிந்த முதல் பந்து என் கையில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே. அவன் அடுத்த பந்தை இன்னும் வேகமாக எறிந்தான். அதையும் பிடித்தேன். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டோம். நான் திரும்புகிற இடத்துக்கு, நான் திரும்புவதற்கு முன்பே அவன் பந்தை எறிந்துவிடுவான். நான் திரும்பும்போது அது வழியில் வந்துகொண்டிருக்கும். நான் அங்கே இருப்பேன் என்று அவன் நம்ப வேண்டும், பந்து அங்கே வரும் என்று நான் நம்ப வேண்டும். நான்கு பருவம் அப்படி ஆடினோம். மூன்றாவது பருவத்தில் நோர்வேயில் என் இடத்தில் என்னைவிடச் சிறந்தவர் இல்லை என்று எதிரணிக்காரர்களே சொன்னார்கள். தற்பெருமைதான். ஆனால் உண்மை.

அந்த நாட்களில்தான் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டு மனிதர் போல ஆனார். ஒஸ்லோவில் மென்பொருள் வேலைக்கு வந்தவர். அமெரிக்காவில் படித்த காலத்தில் இந்த விளையாட்டில் பைத்தியமாகிவிட்டார். எங்கள் கழகத்தின் போட்டிகளுக்குத் தனியாக வந்து உட்கார்ந்திருந்தவர், ஒரு நாள் பக்கத்தில் தமிழ் கேட்டுத் திரும்பியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து விளக்கம் சொல்வது அவர் வேலை.

“ஆன்ட்டி, நாலு தடவை சான்ஸ் இருக்கு. அதுக்குள்ள பத்து யார்டு போயிடணும். போகலைன்னா பால் அவங்களுக்குப் போயிடும்” என்று அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டுவார். அவர் வேகமாகப் பேசினால் அம்மாவுக்குப் பாதி புரியாது. அம்மா பேசினால் அவருக்குப் பாதி புரியாது. இரண்டு பேரும் அப்பாவைப் பார்ப்பார்கள். போட்டி நாட்களில் பெற்றோர் கழகத்துக்காகக் கூடி வேலை செய்ய வேண்டும். மற்றவர்கள் வாஃபல் சுட்டு விற்பார்கள், அம்மா ரோல்ஸ் கொண்டுவருவார். அதில் முதல் மூன்றும் எப்போதும் கோயம்புத்தூர்க்காரருக்கே.

நான்காவது பருவம் முடிந்த இலையுதிர் காலத்தில் ஜெர்மனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அங்கே தொழில்முறையாக ஆடும் ஒரு அணி என் காணொளிகளைப் பார்த்திருந்தது. ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம். அதற்குள் நான் இயன்முறை மருத்துவம் படிக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. படிப்பை நிறுத்திவைக்க வேண்டும்.

அம்மா போ என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்குப் பிறகு கோப்பி குடிக்கிற இடத்தில் விஷயம் பரவியிருந்தது. கையால் பிடிக்கிற பந்தை ஏன் ஃபுட்போல் என்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். படிப்பைக் குழப்பாதே என்று இன்னொருவர். அப்பா எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு நின்றார். ஐந்து நாள் அப்படியே போயிற்று. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலைக்குக் கிளம்பியவர், சீருடைச் சட்டையின் பொத்தானைப் பூட்டியபடி என் அறை வாசலில் நின்றார்.

“நான் பஸ் ஓட வெளிக்கிட்டு இருபத்தைஞ்சு வருசம். நல்லாத்தான் ஓடுறன். ஆனா வேற நாட்டிலையிருந்து ஒருத்தரும் என்னை வரச்சொல்லிக் கேக்கேல்லை. உன்னைக் கேட்டிருக்கினம். போட்டு வா.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். பஸ்ஸைத் தாமதமாக எடுத்தவர் அல்ல அவர்.

ஜெர்மனியில் முதல் நாளே ஒன்று விளங்கியது. அங்கே எல்லாரும் வேகமானவர்கள். நோர்வேயில் என்னைத் தனியாகக் காட்டிய ஒரே விஷயம் அங்கே எல்லாரிடமும் இருந்தது. பயிற்சியில் என்னைக் காவல் காத்த எங்கள் அணியின் அமெரிக்கர் ஒருவர், நான் கிளம்பும் முன்பே கையை என் நெஞ்சில் வைத்து நிறுத்திவிடுவார். முதல் வாரம் முழுக்க அவரைத் தாண்டி ஓரடி போகவில்லை. பயிற்சிக்குப் பிறகு உடைமாற்றும் அறையில் அவரிடமே போய், நான் எங்கே பிழை விடுகிறேன் என்று கேட்டேன். அவர் யோசிக்கவில்லை. நான் எந்தப் பக்கம் போகப் போகிறேன் என்று என் தோள் முதலே சொல்லிவிடுகிறது என்றார். கூடவே, எனக்கு ஓடத் தெரிகிறது, சட்டென்று நிற்கத் தெரியவில்லை என்றும் சொன்னார்.

அதனால் நிற்கப் பழகினேன். முழு வேகத்தில் ஓடி மூன்று எட்டில் நின்று திரும்புவது. கேட்க இலகு. முழங்காலும் கணுக்காலும் அதை ஒப்புக்கொள்ள மாதங்கள் எடுத்தன. அந்தப் பருவத்தின் முதல் பாதியில் நான் ஆட்டத்துக்குள் போனது, பந்தை உதைத்து அனுப்பிய பிறகு எதிரணிக்காரரைத் துரத்திப் பிடிக்க மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் ஓரத்தில் நின்றேன். ஒவ்வொரு ஞாயிறும் அம்மா கைபேசியில் அழைத்து, இன்றைக்குப் பந்து பிடித்தாயா என்று மட்டும் கேட்பார். இல்லை என்பேன். சரி, சாப்பிட்டாயா என்பார்.

எனக்கு முன்னால் இருந்த இருவருக்கு ஒரே மாதத்தில் காயம் பட்டது. என்னை உள்ளே விட்டார்கள். மூன்றாவது முறை பந்து என்னை நோக்கி வந்தபோது, தோளை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் வெட்டினேன். காவல் காத்தவன் விழுந்துவிட்டான். பந்தை, அம்மா சொன்னபடி, கைக்குள் வரும்வரை பார்த்தேன். அதற்குப் பிறகு நான் நன்றாக அறிந்த வேலைதான். ஓடினேன். கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்து நின்றபோது அந்த அமெரிக்கர் ஓரத்திலிருந்து மைதானத்துக்குள்ளேயே ஓடிவந்து என்னைத் தூக்கினார். அன்று ஞாயிறு. அழைப்பு வரும்வரை காத்திருக்க முடியவில்லை, நானே அம்மாவை அழைத்தேன்.

இரண்டாவது பருவத்தில் முதல் அணியில் இடம் நிரந்தரமானது. வீதியில் இரண்டொருவர் என்னை அடையாளம் கண்டு கை காட்டினார்கள். மூன்றாவது பருவம் தொடங்கச் சில வாரம் இருக்கையில், பயிற்சியில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது வலது பின்தொடையில் யாரோ கல்லால் எறிந்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் எறியவில்லை. தசை கிழிந்திருந்தது.

ஒஸ்லோவுக்கு வந்து மூன்று மாதம் இருந்தேன். என் கால்களைத் தவிர என்னிடம் எதுவுமில்லை என்று அப்போது நினைத்தேன். காலையில் படியேறி இறங்குவது, பின்னேரம் நீச்சல் குளம். தச்சன் இப்போது சொந்தமாக வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தான். மரத்தூள் ஒட்டிய காற்சட்டையோடு வேலை முடிந்து நேரே வருவான். நான் ஓட முடியாததால் ஒரு கதிரையில் இருத்தி வைத்து எறிவான். தலைக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே, முதுகுப் பக்கம். கதிரையை விட்டு எழும்பாமல் பிடிக்க வேண்டும். கோயம்புத்தூர்க்காரர் வார இறுதிகளில் வந்து பந்து பொறுக்கிக் கொடுத்தார். காயம் ஆறி ஓடிப் பார்த்தபோது பழைய வேகத்தில் ஒரு துளி குறைந்திருந்தது. வெளியில் தெரியாது. எனக்குத் தெரியும், என்னைக் காவல் காக்கிறவனுக்கும் தெரிந்துவிடும்.

பருவத்தின் பின்பாதிக்குத் திரும்பிப் போனேன். அரையிறுதி எங்கள் சொந்த மைதானத்தில். அம்மா, அப்பா, கோயம்புத்தூர்க்காரர் மூவரும் ஒஸ்லோவிலிருந்து விமானத்தில் வந்திருந்தார்கள். அம்மா ஜெர்மனியில் என் ஆட்டத்தைப் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. நாலு புள்ளி பின்னால் நின்றோம். நாலாவது தடவை, போக வேண்டியது இரண்டு யார்டு. தவறினால் ஆட்டம் முடிந்தது.

இரண்டு யார்டுக்கு வேகம் தேவையில்லை. கூட்டத்துக்குள் புகுந்து ஐந்து எட்டு வைத்து நின்று திரும்ப வேண்டும், அவ்வளவுதான். என்னைத்தான் கேட்டார்கள். நான் திரும்பியபோது பந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் இருவர் வருவது சத்தத்திலேயே தெரிந்தது. நான் அவர்களைப் பார்க்கவில்லை. பந்தின் தையலைப் பார்த்தேன். அது விரல்களில் பட்டு நின்றது. அடுத்த கணம் இரண்டு பேரும் என் மேல் மோதினார்கள். கீழே கிடந்தபோது வானம் தெரியவில்லை, ஆட்கள்தான் தெரிந்தார்கள். பந்து என் வயிற்றோடு ஒட்டிக்கிடந்தது. மூன்று தடவை கழித்து எங்கள் அணிக்காரன் ஒருவன் அதைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனான். வென்றோம். இறுதிப் போட்டியில் தோற்றோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியாயமான தோல்விதான்.

அரையிறுதி முடிந்ததும் வேலியடிக்குப் போனேன். கோயம்புத்தூர்க்காரருக்குக் கத்திக் கத்திக் குரல் அடைத்துவிட்டிருந்தது. “செம கேட்ச்... செம கேட்ச்” என்பதற்கு மேல் அவருக்கு வரவில்லை. அப்பா என் தோள் தட்டில் தட்டினார். அம்மா வேலிக்கு மேலால் என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். சின்ன விரல் ஏற்கெனவே ஒரு முறை முறிந்து கோணலாகப் பொருந்தியிருந்தது. அதைத் தடவினார்.

“பாத்துப் பிடிச்சனி” என்றார்.

எத்தனையோ பேர் என் ஆட்டத்தைப் புகழ்ந்திருக்கிறார்கள். பத்திரிகையிலும் வந்திருக்கிறது. எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

அதன் பிறகும் இரண்டு பருவம் ஆடினேன். பிறகு அணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. என்னைவிட இளையவர்கள், என்னைவிட வேகமானவர்கள் வந்திருந்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் சுற்றி வளைக்காமல் முகத்தைப் பார்த்தே சொன்னார். நன்றி சொல்லிக் கைகொடுத்துவிட்டு வந்தேன். வருத்தம்தான். ஆனால் அவமானம் இல்லை. தேடி அழைத்தார்கள், போனேன், வேலையைச் சரியாகச் செய்தேன்.

ஒஸ்லோவுக்குத் திரும்பி இயன்முறை மருத்துவப் படிப்பை முடித்தேன். இப்போது ஒரு மருத்துவமனையில் வேலை. பின்தொடைத் தசை கிழிந்து வருபவர்கள், நான் அவர்களைத் தொடும் முன்பே நிலைமையைச் சொல்லிவிடுவதைக் கண்டு ஆச்சரியப்படுவார்கள். பழைய கழகத்தில் இன்னும் ஆடுகிறேன். தச்சன் தோள் வலியால் போன வருடம் நிறுத்திக்கொண்டான். இப்போது போட்டிகளுக்கு அவனுடைய சின்ன மகள் அவனது வலிக்காத மற்றத் தோளில் ஏறி வந்து, அங்கிருந்தே குவாட்டர்பேக் போல எங்கள் எல்லாரையும் ஏவுகிறாள்.

சென்ற கோடையில் நோர்வே தேசிய அணி ஒஸ்லோவில் ஒரு போட்டி ஆடியது. நான் அணித் தலைவர்களில் ஒருவன். மேலாடையில் பின்பக்கம் குடும்பப் பெயர் போடுவார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லையே, அப்பாவின் பெயர்தான் என்னுடைய கடைசிப் பெயர். நல்ல நீளமான பெயர். ஜெர்மனியில் அது இடம் கொள்ளாது என்று பாதியில் வெட்டிப் போட்டார்கள். புதியவன், நானும் வாயைத் திறக்கவில்லை. இந்த முறை ஆடைக்குப் பொறுப்பானவர் அதே விஷயத்தைக் கேட்டபோது, முழுப் பெயரும் வர வேண்டும் என்று சொன்னேன். எழுத்தைச் சின்னதாக்கி, ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை வளைத்துத் தைத்துத் தந்தார்.

அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். அன்று நேரத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாட்டுப் பண்ணுக்காக வரிசையில் நின்றபோது எங்கள் முதுகு அம்மா அப்பா இருந்த பக்கம் இருந்தது. நான் திரும்பிப் பார்க்க முடியாது. பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா எழுந்து நின்று, உதட்டை அசைத்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாராம். ஒரு எழுத்தும் விடுபடவில்லை என்று அம்மாவிடம் சொன்னாராம்.

போட்டி முடிந்ததும் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்பா என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். கொஞ்சம் குனியச் சொன்னார், மடிப்பில் ஒரு எழுத்து மறைகிறதாம். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் இது யார், முகம் தெரியவில்லையே என்று கேட்பார்கள். அப்பா அவசரப்படாமல் எழுந்து போய், விரலை வைத்து வாசித்துக் காட்டுவார்.